கன்ட்ரி விருது என்றால் எந்த விருது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க கன்ட்ரி இசை விருதுகள் பற்றித் தமிழ் நாளிதழ்களில் வரும் செய்தி பெரும்பாலும் ஐந்தாறு வரிதான். அதற்குள் ‘சிறந்த நாட்டுப்புறப் பாடகர்’, ‘சிறந்த பாடல்’, ‘கன்ட்ரி இசையின் மிக உயரிய விருது’ என்று மூன்று சொற்றொடர்கள் வந்துவிடும். மூன்றும் தப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மொழிபெயர்ப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே மூன்று எழுத்துகளை இடம் மாற்றிப் போட்ட இரண்டு சங்கங்கள், ஒன்றுபோலவே பெயர் கொண்ட பிரிவுகள், ஆளுக்கொரு ஆண்டுக்கணக்கு என்று குழம்புவதற்கான ஏற்பாடுகள் எல்லாம் அங்கேயே செய்து வைத்திருக்கிறார்கள். செய்தி எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் உதவட்டும் என்று சில விவரங்களை இங்கே தருகிறோம்.

முதலில் பெயர். கன்ட்ரி இசையை ‘நாட்டுப்புற இசை’ என்று எழுதுவது பொருந்தாது. நாட்டுப்புற இசை என்று நாம் சொல்வது எழுதியவர் பெயர் தெரியாமல் வாய்வழியாக வந்த பாட்டை. கன்ட்ரி அப்படிப்பட்டதில்லை. பாட்டி பாடிய பழைய மெட்டுகள் அதன் வேரில் உண்டுதான். ஆனால் 1920-களில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் இசைத்தட்டு விற்பனைக்காகப் பதிவு செய்யப்பட்ட நாளிலிருந்தே அது ஒரு தொழில். எழுதியவருக்குப் பெயர் உண்டு, ராயல்டி உண்டு, வழக்கும் உண்டு. 1927-இல் பிரிஸ்டல் நகரில் ரால்ஃப் பியர் என்ற தயாரிப்பாளர் நடத்திய ஒலிப்பதிவில்தான் கன்ட்ரியின் முன்னோடிகளான ஜிம்மி ராட்ஜர்ஸும் கார்ட்டர் குடும்பமும் முதன்முதலாகப் பதிவானார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தக் குழப்பம் அமெரிக்காவிலும் இருந்தது. பில்போர்ட் பத்திரிகை தன் முதல் கன்ட்ரி தரவரிசைப் பட்டியலை 1944 ஜனவரி 8-ஆம் தேதி வெளியிட்டபோது அதற்கு ‘ஃபோக்’ (நாட்டுப்புறம்) என்றுதான் பெயர் வைத்தது. 1959-இல் முதல் கிராமி விழாவில் கன்ட்ரி பிரிவின் விருது போனதும் கிங்ஸ்டன் ட்ரையோ என்ற ஃபோக் குழுவுக்கு. அவர்களே தெளிந்துவிட்ட பிறகு நாம் ஏன் அந்தப் பழைய குழப்பத்தைச் சுமக்க வேண்டும்? ‘கன்ட்ரி இசை’ என்றே எழுதலாம். ‘ஜாஸ்’ என்ற சொல்லை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

அடுத்து அந்த மூன்று எழுத்துகள். சி.எம்.ஏ. என்பது கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன். 1958-இல் கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் தொடங்கிய தொழில் சங்கம். ராக் அண்ட் ரோல் அலையில் கன்ட்ரி வானொலி நிலையங்கள் அருகிவந்த நேரம் அது. அவற்றைக் காப்பாற்றி, விளம்பரதாரரை இழுப்பதுதான் சங்கத்தின் முதல் வேலை. விருது பின்னால் வந்தது. 1967-இல் நாஷ்வில் முனிசிபல் ஆடிட்டோரியத்தில் முதல் விழா நடந்தது. தொலைக்காட்சி கிடையாது. எடி ஆர்னால்டுக்கு ஆண்டின் எண்டர்டெய்னர் விருதும், லொரெட்டா லின்னுக்குச் சிறந்த பாடகி விருதும் கிடைத்தன. மறு ஆண்டே விழா ரைமன் அரங்குக்குப் போனது. அதைப் பதிவு செய்து சில வாரம் கழித்து என்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பியது. 1969-இலிருந்து நேரடி ஒளிபரப்பு. 1972 முதல் சி.பி.எஸ்., 2006 முதல் ஏ.பி.சி. நாஷ்வில்லை விட்டு ஒரே ஒரு முறைதான் வெளியே போயிருக்கிறது: 2005-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு.

ஏ.சி.எம். என்பது அகாடமி ஆஃப் கன்ட்ரி மியூசிக். 1964-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தது. விருது கொடுக்கத் தொடங்கியது 1966-இல். வயதில் சங்கம் இளையது, விருது மூத்தது. ‘மிகப் பழமையான கன்ட்ரி விருது விழா சி.எம்.ஏ.’ என்று எழுதுகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். மேற்குக் கரையில் பேக்கர்ஸ்ஃபீல்ட் வட்டாரக் கலைஞர்களை நாஷ்வில் கண்டுகொள்ளவில்லை என்ற மனக்குறைதான் ஏ.சி.எம். உருவாகக் காரணம். முதல் விழாவில் சிறந்த பாடகர் பக் ஓவன்ஸ், சிறந்த பாடகி போனி ஓவன்ஸ் என்று பார்த்தாலே அது விளங்கும். பின்னால் விழா லாஸ் வேகஸ், டெக்சஸ் என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தது. நாஷ்வில்லுக்கு முதன்முதலில் வந்தது 2020 செப்டம்பரில், பெருந்தொற்றால் தள்ளிப்போனபோது. 2022-இல் தொலைக்காட்சியை விட்டுவிட்டு அமேசான் பிரைமில் நேரடியாக ஒளிபரப்பானது. சி.எம்.ஏ. விழா இலையுதிர் காலத்தில், இப்போது நவம்பரில், ஏ.சி.எம். பெரும்பாலும் வசந்த காலத்தில். செய்தியில் மாதத்தைப் பார்த்தாலே எது என்று ஊகித்துவிடலாம்.

இனிப் பிரிவுகள். சி.எம்.ஏ.வில் மொத்தம் 12. தமிழில் அதிகம் அடிபடுவது ‘எண்டர்டெய்னர் ஆஃப் தி இயர்’. இதை ‘சிறந்த பாடகர்’ என்று எழுதிவிடுகிறார்கள். சிறந்த பாடகருக்கும் பாடகிக்கும் தனித்தனியாக இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. எண்டர்டெய்னர் விருதுக்கு ஓட்டுப் போடுகிறவர் குரலை மட்டும் எடைபோடக் கூடாது. மேடை நிகழ்ச்சி, கூட்டம், பொதுமக்கள் வரவேற்பு, நடத்தை, கன்ட்ரி இசைக்குக் கொடுத்த மொத்தப் பங்களிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் அந்த ஆண்டு ஹிட் பாட்டே இல்லாத ஒருவர் அரங்குகளை நிரப்பிய கணக்கில் இதை வென்றுவிட முடியும். கார்த் புரூக்ஸ் இதை ஏழு முறை வாங்கியவர்: 1991, 92, 97, 98, 2016, 2017, 2019. ஏழாவது முறை எழுந்த முணுமுணுப்பைக் கேட்டு, 2020-இல் தன் பெயரை இந்தப் பிரிவில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரே அறிவித்தார். தமிழில் இந்த விருதை ‘ஆண்டின் சிறந்த மேடைக் கலைஞர்’ என்று சொல்வது ஓரளவு பொருந்தும்.

இதைவிடப் பெரிய வழுக்கல் ‘சிங்கிள்’, ‘சாங்’ என்ற இரண்டிலும் இருக்கிறது. தமிழில் இரண்டுமே ‘சிறந்த பாடல்’ ஆகிவிடுகிறது. சிங்கிள் விருது ஒலிப்பதிவுக்கு: பாடியவர், தயாரிப்பாளர், ஒலிக்கலவை செய்தவர் மேடையேறுவார்கள். சாங் விருது எழுத்துக்கும் மெட்டுக்கும்: அதை எழுதியவருக்கு மட்டும். பாடியவர் அதை எழுதியிருக்காவிட்டால் கைதட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரேசி சாப்மன் எழுதிப் பாடி 1988-இல் வெளியான ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டை லூக் கோம்ஸ் மறுபடி பாடினார். சி.எம்.ஏ.வில் சிங்கிள் விருது கோம்ஸுக்கும் அவருடைய ஒலிப்பதிவுக் குழுவுக்கும். சாங் விருது சாப்மனுக்கு. அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவர்தான். ‘ஃபாஸ்ட் கார் பாடலுக்காக லூக் கோம்ஸ் சிறந்த பாடல் விருது பெற்றார்’ என்று எழுதினால் அன்றைய இரவின் முக்கியமான செய்தியே காணாமல் போய்விடுகிறது.

முப்பத்தைந்து வருடப் பழைய பாட்டு எப்படி ‘ஆண்டின் பாடல்’ ஆனது என்று கேட்பார்கள். சி.எம்.ஏ. விதியில் பாட்டு எப்போது எழுதப்பட்டது என்பதற்கு இடமில்லை. தகுதிக் காலத்தில் கன்ட்ரி பட்டியலில் அது நடமாடியதா என்பதுதான் கேள்வி. கிராமியில் இது நடக்காது. ஏற்கெனவே பேர் வாங்கிய பாட்டுக்கு அங்கே பாடலாசிரியர் விருது கிடையாது. புதிதாகப் பாடியவரின் குரலுக்கு மட்டும்தான் போட்டியிடலாம். அதே ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டுக்காக 1989-லேயே சாப்மன் கிராமி வாங்கியிருக்கிறார், பாப் பாடகி என்ற பிரிவில். அவருக்குக் கன்ட்ரிக் கதவு திறக்க இன்னொருவர் குரல் வேண்டியிருந்தது.

பரிசு யாருக்குச் சேரும் என்ற இந்தக் கணக்கு சர்ச்சைகளிலும் கைகொடுக்கும். 2021-இல் மார்கன் வாலன் இனவெறிச் சொல் ஒன்றைப் பயன்படுத்திய காணொளி வெளிவந்தது. ஏ.சி.எம். அவரை அந்த ஆண்டுப் போட்டியிலிருந்தே நீக்கியது. சி.எம்.ஏ. வாரியம் வேறு வழியில் போனது: தனிநபர் பிரிவுகளில் இடமில்லை, ஆனால் ஆல்பம் போன்றவற்றில் தயாரிப்பாளர்களும் ஒலிப்பொறியாளர்களும் பங்குதாரர்கள் என்பதால் அங்கே தடை இல்லை. அதனால் அவருடைய ஆல்பம் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது, அவர் பெயர் பாடகர் பிரிவில் இல்லை. மூன்று ஆண்டு கழித்து, 2024-இல், எண்டர்டெய்னர் விருதே அவருக்குப் போனது. வாங்கிக்கொள்ள அவர் அரங்கில் இல்லை.

ஓட்டுப் போடுகிறவர் யார்? இதுதான் எல்லாக் கேள்விக்கும் தாய்க்கேள்வி. நம் செய்திகளில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது. சி.எம்.ஏ.வில் ரசிகர்களுக்கு ஓட்டில்லை. கன்ட்ரி இசையால் வருமானம் பார்க்கிறவர்கள் மட்டுமே உறுப்பினராக முடியும்: பாடகர், வாத்தியக்காரர், பாடலாசிரியர், லேபிள் (இசைப்பதிவு நிறுவன) ஊழியர், வானொலிக்காரர், மேலாளர், கச்சேரி ஏற்பாட்டாளர், பாடல் பதிப்பக ஆட்கள். இப்படி 7,000-க்கும் மேற்பட்டவர்கள். மூன்று சுற்று வாக்குச்சீட்டு. முதல் சுற்றில் பெயர்களை முன்வைப்பார்கள், இரண்டாவதில் அது பிரிவுக்கு ஐந்தாகச் சுருங்கும், மூன்றாவதில் வெற்றியாளர். எண்ணுவது டெலாய்ட் தணிக்கை நிறுவனம். தகுதிக் காலம் ஜூலை 1 முதல் மறு ஆண்டு ஜூன் 30 வரை. ஆகவே நவம்பரில் ‘இந்த ஆண்டின் சிறந்த ஆல்பம்’ என்று கேட்கும்போது அது பதினாறு மாதத்துக்கு முன் வந்த ஆல்பமாகவும் இருக்கலாம். ஆகஸ்ட்டில் வெளியாகி எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் ஆல்பம் பட்டியலில் இல்லையே என்று கோபப்படுவதற்கு முன் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த ஓட்டு முறையில் கோளாறு இல்லாமல் இல்லை. பெரிய லேபிளில் வேலை செய்கிறவர்கள் எண்ணிக்கையில் அதிகம். தங்கள் வீட்டுப் பிள்ளைக்கே ஓட்டுப் போடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு காலங்காலமாக இருக்கிறது. அதைவிட ஆழமான கோளாறு பழக்கம். 7,000 பேரும் எல்லா ஆல்பத்தையும் கேட்பதில்லை. சீட்டைப் பார்க்கும்போது தெரிந்த பெயருக்கே கை போகும். புரூக்ஸ் அண்ட் டன் இரட்டையர் பிரிவை 1992-இலிருந்து 2006-க்குள் 14 முறை வென்றார்கள். இடையில் 2000-இல் ஒரு முறை மட்டும் மான்ட்கோமரி ஜென்ட்ரி புகுந்தார்கள். புரூக்ஸ் அண்ட் டன்னின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 15 ஆண்டில் 14 முறை ஒரே பெயர் வருகிற பிரிவில் தேர்தல் நடக்கிறது என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. வாத்தியக்காரர் பிரிவிலும் இதே கதை: மாக் மெக்கனாலி பத்து முறை. அதை வென்ற முதல் பெண், ஃபிடில் (வயலின்) கலைஞர் ஜெனி ஃப்ளீனர். அது நடந்தது 2019-இல்.

பெண்கள் விஷயத்துக்கு வந்தால், எண்டர்டெய்னர் விருதை முதலில் வென்ற பெண் 1972-இல் லொரெட்டா லின். பிறகு டாலி பார்ட்டன், பார்பரா மாண்ட்ரெல், ரீபா மெக்கன்டையர், ஷனாயா ட்வைன், டெய்லர் ஸ்விஃப்ட், லெய்னி வில்சன். குழுவாக டிக்சி சிக்ஸ். அரை நூற்றாண்டு தாண்டியும் தனிப் பாடகியரை இரண்டு கைவிரலுக்குள் எண்ணி முடித்துவிடலாம். 2012 முதல் 2022 வரை தொடர்ந்து 11 விழாக்களில் ஆண்களே வென்றார்கள். காரணம் வாக்காளரின் மனசு மட்டும் இல்லை, வானொலி. கன்ட்ரி நிலையங்களில் இரண்டு பெண் குரல்களை அடுத்தடுத்து ஒலிக்க விடக் கூடாது என்று ஒரு எழுதப்படாத வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2015-இல் ஒரு வானொலி ஆலோசகர் கன்ட்ரி நிகழ்ச்சியைச் சாலட்டுக்கு ஒப்பிட்டு, அதில் ஆண்கள் கீரை, பெண்கள் தக்காளி என்று பேட்டி கொடுத்துப் பெரும் வம்பானது. வானொலியில் குறைவாக ஒலித்தால் பெரிய அரங்கு கிடைக்காது. பெரிய அரங்கு நிரம்பாதவர் எண்டர்டெய்னர் ஆக மாட்டார். 2019 விழாவைத் தொகுத்து வழங்கியவர்கள் கேரி அண்டர்வுட், ரீபா, டாலி என மூவருமே பெண்கள். பெண்களைப் போற்றும் இரவு என்றே விளம்பரமும் செய்தார்கள். கடைசி உறை பிரிந்ததும் வந்த பெயர் கார்த் புரூக்ஸ். அண்டர்வுட் சி.எம்.ஏ.வின் எண்டர்டெய்னர் விருதை இதுவரை வென்றதில்லை, ஏ.சி.எம்.மில் 2009, 2010, 2020 என மூன்று முறை வென்றிருக்கிறார். ‘எண்டர்டெய்னர் விருது பெற்ற கேரி அண்டர்வுட்’ என்று எழுதும்போது எந்தச் சங்கம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எது கன்ட்ரி, எது இல்லை என்ற சண்டை இந்த விருதுகளோடு கூடப் பிறந்தது. 1974-இல் சி.எம்.ஏ.வின் சிறந்த பாடகி விருது ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பாப் பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குப் போனது. கொதித்துப் போன நாஷ்வில் கலைஞர்கள் ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் தம்பதியின் வீட்டில் கூடித் தனிச்சங்கமே தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு எண்டர்டெய்னர் விருதை அறிவிக்க வந்தவர் முந்தைய ஆண்டு வென்ற சார்லி ரிச். உறையைப் பிரித்தார், லைட்டரை எடுத்தார், சீட்டைக் கொளுத்திக்கொண்டே ஜான் டென்வர் பெயரை வாசித்தார். டென்வர் ஆஸ்திரேலியாவிலிருந்து செயற்கைக்கோள் வழியே நன்றி சொன்னார். அது எதிர்ப்பா, மாத்திரையும் மதுவும் செய்த வேலையா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். 1999-இல் நடந்தது வேறு மாதிரி. பெரிய கார் விபத்திலிருந்து பிழைத்து வந்த ஜார்ஜ் ஜோன்ஸைத் தன் பாட்டைச் சுருக்கிப் பாடச் சொன்னார்கள். அவர் விழாவுக்கே வரவில்லை. தன் முறை வந்தபோது ஆலன் ஜாக்சன் தான் பாட வேண்டிய பாட்டைப் பாதியில் நிறுத்தி, ஜோன்ஸின் பாட்டில் ஒரு பகுதியைப் பாடிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார். அந்தப் பாட்டுக்கே மறு ஆண்டு ஜோன்ஸுக்குக் கிராமி கிடைத்தது.

இந்தச் சண்டையின் புது வடிவம் பியான்சே. 2016-இல் சி.எம்.ஏ.வின் 50-வது விழாவில் டிக்சி சிக்ஸோடு சேர்ந்து அவர் பாடினார். அரங்கில் பாதி எழுந்து கைதட்டியது, பாதி முகம் சுளித்தது. 2024 மார்ச்சில் அவருடைய ‘கவ்பாய் கார்ட்டர்’ வந்தது. தேதிக் கணக்குப்படி சி.எம்.ஏ.வுக்கும் கிராமிக்கும் தகுதி உண்டு. சி.எம்.ஏ.வில் ஒரு பரிந்துரைகூட வரவில்லை. 2025 பிப்ரவரி 2 அன்று கிராமியில் சிறந்த கன்ட்ரி ஆல்பம், ஆண்டின் ஆல்பம் இரண்டும் அவருக்கு. ‘ஒரே ஆல்பத்தை ஒரு விருது புறக்கணித்தது, இன்னொன்று கொண்டாடியது, என்ன முரண்!’ என்று எழுதினார்கள். முரணே இல்லை. வாக்காளர் வேறு. சி.எம்.ஏ.வில் ஓட்டுப் போடுகிறவர் கன்ட்ரி வானொலி, கன்ட்ரி லேபிள், கன்ட்ரி மேடை என்ற வட்டத்துக்குள் வாழ்கிறவர். அந்த ஆல்பத்திலிருந்து முதலில் வெளிவந்த பாட்டு ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்துக் கணக்கிடும் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வானொலி மட்டுமே கணக்காகும் கன்ட்ரி பட்டியலில் முதல் 30-க்குள்ளும் வரவில்லை. கிராமிக்கு ஓட்டுப் போடும் ரெக்கார்டிங் அகாடமியில் எல்லா வகை இசைக்காரரும் உண்டு; அவர்களுக்கு நாஷ்வில் வட்டம் ஒரு பொருட்டில்லை. 2007-இல் டிக்சி சிக்ஸுக்கு நடந்ததும் இதேதான். ஈராக் போரை ஒட்டி 2003-இல் லண்டன் மேடையில் அதிபர் புஷ்ஷைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகக் கன்ட்ரி வானொலி அவர்களை ஒதுக்கியது. பிறகு அவர்கள் வெளியிட்ட ஆல்பத்துக்குக் கிராமி ஐந்து விருதுகளை அள்ளிக் கொடுத்தது, சி.எம்.ஏ. எதுவும் தரவில்லை.

கிராமி 2025 ஜூனில் கன்ட்ரி ஆல்பம் பிரிவை ‘பாரம்பரியம்’, ‘சமகாலம்’ என்று இரண்டாகப் பிரித்தது. பியான்சே வென்ற நான்காவது மாதம். முன்பே பலமுறை வந்த கோரிக்கை இது என்று அகாடமி சொன்னது, கேட்டவர்கள் சிரித்துக்கொண்டார்கள். இனிமேல் வெறுமனே ‘சிறந்த கன்ட்ரி ஆல்பம் கிராமி’ என்று எழுத முடியாது என்பதுதான் செய்தியாளருக்கு இதில் உள்ள சேதி.

‘மிக உயரிய’ என்ற அடைமொழிக்குத் தகுதி இருந்தால் அது சாதனையாளர்களைச் சேர்த்துக்கொள்ளும் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்துக்குத்தான். இதற்கு விழா விருதுகளின் பரபரப்பு கிடையாது. 1961-இல் தொடங்கியது, முதல் மூவர் ஜிம்மி ராட்ஜர்ஸ், ஃப்ரெட் ரோஸ், ஹாங்க் வில்லியம்ஸ். மூவருமே அப்போது உயிரோடு இல்லை. உயிரோடு இருக்கும்போது சேர்க்கப்பட்ட முதல் ஆள் 1962-இல் ராய் அகஃப். 1963-இல் யாருக்குமே போதிய ஓட்டுக் கிடைக்கவில்லை. இடத்தை நிரப்ப யாரையாவது போடுவோம் என்று அவர்கள் நினைக்கவில்லை, காலியாகவே விட்டார்கள். விருது தரும் எல்லா அமைப்புகளும் படிக்க வேண்டிய பாடம் அது. இப்போது ஆண்டுக்கு மூன்று வழி: தேசிய அளவில் பெயர் பெற்று 20 ஆண்டு ஆனவருக்கு ஒன்று, 40 ஆண்டு ஆனவருக்கு ஒன்று, மூன்றாவது வாத்தியக்காரர், பாடலாசிரியர், மேடையேறாத தொழில்காரர் என்று ஆண்டுக்கு ஒன்றாகச் சுழலும். தேர்ந்தெடுப்பது சி.எம்.ஏ. நியமிக்கும் குழு, உறுப்பினர் பெயர்கள் வெளியே சொல்லப்படுவதில்லை. ஹால் ஆஃப் ஃபேம் அமைந்துள்ள நாஷ்வில் அருங்காட்சியகத்துக்கு இதில் ஓட்டு கிடையாது. அதை நடத்துவது வேறு அறக்கட்டளை. ‘அருங்காட்சியகம் தேர்ந்தெடுத்தது’ என்று எழுதுவது, நினைவு மண்டபத்தின் காவலாளி தலைவரைத் தேர்ந்தெடுத்தார் என்று எழுதுவதுபோல. அங்கே வட்ட அறையில் மாட்டிய, சேர்க்கப்பட்டவர்களின் வெண்கலப் பலகைகளிலும் முன்வரிசை பின்வரிசை என்ற தரவரிசை இல்லை.

நிதானத்துக்கு ஒரு விலை உண்டு. கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற வானொலி நிகழ்ச்சியின் முதல் கறுப்பின நட்சத்திரமான ஹார்மோனிகா கலைஞர் டிஃபோர்ட் பெய்லி 1982-இல் இறந்தார். ஹால் ஆஃப் ஃபேம் நினைத்துக்கொண்டது 2005-இல். 1962-லேயே கன்ட்ரிப் பாடல்களைத் தன் பாணியில் பாடி ஒரு முழு ஆல்பம் போட்ட ரே சார்ல்ஸுக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் இறந்தே 17 ஆண்டு ஆகியிருந்தது. ஜூன் கார்ட்டர் கேஷ் 2025-இல்தான் தேர்வானார். ‘கார்ட்டர் குடும்பம் 1970-லேயே சேர்ந்துவிட்டதே’ என்று குழம்ப வேண்டாம். அது ஏ.பி., சாரா, மேபல் என்ற மூத்த மூவர். ஜூன் அந்த மேபலின் மகள். டோபி கீத்துக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 2024 பிப்ரவரி 2-ஆம் தேதி ஓட்டுப்பதிவு முடிந்தது. முடிவை அவரிடம் சொல்வதற்கு முன், 5-ஆம் தேதி இறந்துபோனார்.

கிராண்ட் ஓல் ஆப்ரி விருதே இல்லை, ஆனாலும் பல கலைஞர்கள் விருதைவிடப் பெரிதாக நினைப்பது அதன் உறுப்பினர் ஆவதை. 1925 நவம்பர் 28-ஆம் தேதி தொடங்கிய வானொலி நிகழ்ச்சி அது. விண்ணப்பிக்க முடியாது, நிர்வாகம் அழைக்க வேண்டும். அழைத்தால் வந்து பாடவும் வேண்டும். 1960-களில் ஆண்டுக்கு 26 நிகழ்ச்சி கட்டாயம்; வெளியூர்க் கச்சேரியில் நல்ல பணம் கிடைக்கும் சனிக்கிழமைகளை இழக்க மனமில்லாத பலர் 1964 முடிவில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பின்னால் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஹாங்க் வில்லியம்ஸை ஆப்ரி 1952-இல் நீக்கியது. சில மாதத்தில் அவர் இறந்தார். ஹால் ஆஃப் ஃபேமின் முதல் மூவரில் ஒருவரான அவர் ஆப்ரியில் உறுப்பினர் இல்லை, ஏனென்றால் உறுப்பினர் தகுதி உயிரோடு இருப்பவருக்குத்தான். சார்லி பிரைட் 1971-இல் சி.எம்.ஏ.வின் எண்டர்டெய்னர், 1993-இல் ஆப்ரி உறுப்பினர், 2000-இல் ஹால் ஆஃப் ஃபேம். ஒரே மனிதருக்கு மூன்று கதவுகள் எத்தனை ஆண்டு இடைவெளியில் திறந்தன என்று பாருங்கள்.

‘பிளாட்டினம் விருது’ என்றும் அவ்வப்போது படிக்கிறோம். அது விருது இல்லை, விற்பனைச் சான்றிதழ். ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் தருவது. 5,00,000 கோல்டு, 10,00,000 பிளாட்டினம், ஒரு கோடி டயமண்ட். இப்போது 1,500 ஸ்ட்ரீம் அல்லது 10 தனிப்பாட்டு விற்பனை ஒரு ஆல்பத்துக்குச் சமம். இது தானாகக் கிடைக்காது: லேபிள் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, கணக்கைத் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். அதனால் சான்றிதழ் தேதியை விற்பனைத் தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எப்போதோ விற்றுத் தீர்ந்த ஆல்பம் இந்த வாரம் பிளாட்டினம் ஆகலாம். பாடலாசிரியர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் பி.எம்.ஐ., ஆஸ்காப் சங்கங்கள் சி.எம்.ஏ. விழாவை ஒட்டி நாஷ்வில்லில் தரும் கன்ட்ரி விருதுகளிலும் ஓட்டு இல்லை. எந்தப் பாட்டு எத்தனை முறை ஒலித்தது என்று எண்ணி, எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் தருகிறார்கள். சி.எம்.டி. தொலைக்காட்சி 2024 வரை நடத்திய விருது மட்டும் ரசிகர் ஓட்டு. அங்கே வென்றது ரசிகர் மன்றத்தின் விரல் வேகம்.

செய்திப் பிரிவுக்குக் கடைசியாக ஒன்று. சி.எம்.ஏ. விழா பெரும்பாலும் புதன்கிழமை இரவு. நமக்கு அப்போது வியாழன் விடிந்துவிடும். தேதியை அந்த ஊர்க் கணக்கிலேயே எழுதுவது வசதி. முடிவுகளைத் தொகுக்கும்போது பிரிவுகள் 12 இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பத்துதான் வருகிறது என்றால் பெரும்பாலும் விடுபட்டிருப்பவை கூட்டுப்பாட்டு விருதும் வீடியோ விருதும். சில ஆண்டுகளில் அவற்றை இரவு விழாவில் சேர்க்காமல் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். 2019-இல் லில் நாஸ் எக்ஸுக்கும் பில்லி ரே சைரஸுக்கும் கிடைத்தது அந்தக் கூட்டுப்பாட்டு விருதுதான். பில்போர்ட் தன் கன்ட்ரி பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட பாட்டுக்குச் சி.எம்.ஏ. விருது கொடுத்த செய்தி, விழாவை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டவர்களின் கண்ணில் படவே இல்லை.

இப்படிக்கு,
கன்ட்ரி இசையைத் தொடர்ந்து கேட்டுவரும் வாசகர்கள்